எலி கடிச்ச வயரு

குடுத்து வச்சவளா? யாரு, நானா? நல்லாச் சொன்னீங்க போங்க. மொதல்ல உள்ள வாங்க தம்பி. செருப்பக் கழட்ட வேணாம், கிரானைட்டுதான், தொடச்சாப் போச்சு. ஐயய்யோ, அங்கிட்டு இல்ல, அங்கிட்டு அடுப்படி. இங்கிட்டு வாங்க. இந்த சோபாவுல உக்காருங்க. கேமராப் பொட்டி மாடிப்படிக்குக் கீழதான் இருக்கு, அது எங்கயும் ஓடிப் போயிறாது. ஆலங்குடியிலேர்ந்து இந்த வெயில்ல பைக்குல வந்திருக்கீங்க, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டு அப்பறம் வேலையப் பாருங்க.

வழி கண்டுபுடிக்கச் செரமமா இருந்துச்சா? எப்புடிக் கேட்டு வந்தீங்க? கலைமதி வீடுன்னா? டீக்கடையில சொன்னாங்களாக்கும். பாத்தீங்களா கூத்த! வாசக் கேட்டுக்குப் பக்கத்துல கலைமதி இல்லம்னு பித்தள எழுத்து பதிச்சிருந்துச்சு. அதப் பேத்து எடுத்து ரெண்டு வருசம் ஆச்சு. செவுத்துல ஓட்டை ஓட்டையா இருக்கும், பாத்திருப்பீங்க. ஆனா ஊருல ஒருத்தரும் இன்னும் பேர மாத்தல. ஆமா, எம்மகதான். ஒரே மக. அவ கதைய அப்பறம் பேசுவம், காப்பி ஆறிப் போகும்.

எங்க வீட்டுக்காரருதானே ஒங்களுக்குப் போன் அடிச்சாரு, சிங்கப்பூர்லேர்ந்து? என்னன்னு சொன்னாரு? எட்டரை மணிலேர்ந்து ஒரு கேமராவும் தெரியலன்னா? அதுக்குள்ள பாத்துட்டாரு பாருங்க. சாப்பாட்டு நேரத்துலதான் எப்பவும் போனத் தொறப்பாரு, இன்னைக்கின்னு டீ குடிக்கையிலயே தொறந்திருக்காரு. கோவமாப் பேசுனாரா? அவரு கொரலே அப்புடித்தான், பயப்படாதீங்க. எலி கடிச்சிருக்கும்னு நான்தான் அவருகிட்ட சொன்னேன். இப்ப நீங்க வெளியேர்ந்து அவருக்குப் போன் அடிச்சதும் கேட்டு தானாத் தொறந்துச்சுல்ல? அதுவும் அவருதான், அங்கேர்ந்தே போன்ல அமுக்கி விட்டுருப்பாரு.

பத்தரைக்குள்ள முடிச்சுக் குடுத்துரணும்னாரா? ஆமா, அவருக்கு ஒரு மணி சாப்பாடு, நமக்கு அது பத்தரை. இப்ப மணி என்ன? பத்து ஆகலைல்ல? கெடக்கு, நேரம் நெறையாக் கெடக்கு. குடிங்க. சக்கரை போதுமா?

நீங்க சொன்னத நான் மறக்கல. குடுத்து வச்சவன்னீங்கள்ல. ஒங்க மேல தப்பில்ல, வாரவங்க எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. அந்த டிவியப் பாருங்க, செவுத்துல பாதிய அடைச்சுக்கிட்டு நிக்குது. லிப்டு வேற இருக்கு. லிப்டுல யாரு போறா? அரிசி மூட்டதான் போகுது வருது. மாடியில கலைக்குன்னு ஒரு ரூமு, ஏசி, கட்டிலு. மெத்த மேல கடைக்காரன் சுத்திக் குடுத்த பிளாஸ்டிக் கவரு இன்னும் பிரிக்காமக் கெடக்கு. முன்னாடி நான் நூறு நாள் வேலைக்குப் போயிக்கிட்டு இருந்தேன் தம்பி. வேலை என்ன வேலை, கம்மாக்கரையில மண்ணத் தள்ளிட்டு, புளியமரத்தடியில உக்காந்து ஊருக் கதையெல்லாம் பேசி, வயிறு வலிக்கச் சிரிச்சிட்டு வருவோம். வீடு கட்டுனதும் அது கவுரவக் கொறச்சலாப் போச்சு, நின்னுட்டேன். அந்தப் பொம்பளைங்க இப்ப இந்த வாசல்ல வந்து நின்னா, உள்ள வர யோசிக்கிறாங்க. மேல கேமராவப் பாத்துட்டு, வாரேன் செவந்தின்னுட்டு போயிருறாங்க.

அதுக்காகக் காசு வேணாம்னு பேசுறவ இல்ல நான். காசு இல்லாம இருந்து பாத்தவ. கலை பொறந்தப்ப ஆஸ்பத்திரியிலேர்ந்து ஆட்டோ புடிச்சு வரக் காசு இல்ல. பச்சப் புள்ளையத் துண்டுல சுத்திக்கிட்டு பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்தேன், பச்ச ஒடம்போட. காசு என்ன பெரிய காசுன்னு எவனாச்சும் எங்கிட்ட வந்து பேசுனா செருப்பு பிஞ்சிரும். எங்கப்பாவுக்கு இடுப்பு ஆப்பரேசன் பண்ணுனது அவரு காசு. எம்மக நர்சிங் படிச்சது அவரு காசு. அத இல்லன்னு சொன்னா என் நாக்கு அழுகிப் போயிரும்.

இந்தக் கேமராவக் கூட அவரு கெட்ட எண்ணத்துல வைக்கல, அதையும் சொல்லிடுறேன். கஜா புயலு அடிச்சுச்சுல்ல, அப்ப நாங்க ஓட்டு வீட்டுல இருந்தோம், இதே எடத்துல. நானும் கலையும் மட்டுந்தான். ஓடெல்லாம் பேத்துக்கிட்டுப் போக, கட்டிலுக்கு அடியில ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சுக்கிட்டுப் படுத்துக் கெடந்தோம். டவரு இல்ல, கரண்டு இல்ல. நாங்க இருக்கமா செத்தமான்னு தெரியாம அங்க அவரு சோறு தண்ணி இல்லாமக் கெடந்திருக்காரு. அப்பறம் லைன் கெடைச்சு என் கொரலக் கேட்டதும் ஏங்கி ஏங்கி அழுதாரு. அப்ப முடிவு பண்ணுனதுதான், காங்கிரீட்டுல வீடு கட்டணும், எங்க இருந்தாலும் அது கண்ணுக்குத் தெரியணும்னு. கப்பல் யார்டுல ஓவர்டைம் பாத்துப் பாத்து சூப்பர்வைசர் ஆனாரு. ஆலங்குடியில கடை கட்டி வாடகைக்கு விட்டுருக்காரு. ஆனா மனுசன் படுக்குறது இன்னமும் பத்துப் பேரு படுக்குற ரூமுலதான். போன்ல இந்த ஹாலப் பாத்துக்கிட்டேதான் தூங்குவாராம். ஆளில்லாத ஹால. கேக்கவே பாவமா இருக்கும்.

பாவந்தான். ஆனா இதுக்குள்ள இருக்குறது நானுல்ல? கேட்டுல ஒண்ணு, போர்டிகோவுல ஒண்ணு, ஹால்ல, அடுப்படியில, சாமான் ரூம்ல, கொல்லக் கதவுல, மாட்டுக் கொட்டகையில. சாமி ரூம்ல கூட ஒண்ணு. சாமி பாக்குறது போதாதாம். இதுல பேசுற வசதி வேற. அடுப்புல நின்னு கருவாடு வறுத்துக்கிட்டு இருப்பேன், தலைக்கு மேலேர்ந்து, செவந்தி, எண்ணெயக் கொறைன்னு கொரல் வரும். ஆத்தாடின்னு கரண்டியப் போட்டுருவேன். கொஞ்சம் கண்ண மூடி உக்காந்தா, ஏன் மூஞ்சிய உம்முன்னு வச்சிருக்க, ஒனக்கு என்ன கொற வச்சேன்னு கேப்பாரு. கேமராவப் பாத்து ஒரு சிரிப்பு சிரிப்பேன். சிரிச்சாத்தான் விடுவாரு. போன லீவுல வந்தப்ப என்ன பண்ணுனாரு தெரியுமா? மாடியில ஏசியப் போட்டுப் படுத்துக்கிட்டு, கீழ அடுப்படியில நிக்கிற என்னய போன்ல பாத்துக்கிட்டு இருக்காரு! ஏங்க, எறங்கி வந்து நேர்லதான் பாருங்களேன்னு கத்துனேன். நீங்க சிரிக்கிறீங்க. நானும் அன்னைக்கி சிரிச்சேன்.

எங்க எந்திரிச்சிட்டீங்க? காப்பி பாதி கெடக்கே. சரி சரி, பாருங்க, ஒங்க தொழில நான் தடுக்கல. அந்தச் சின்னக் கதவுதான், இழுத்தாத் தொறக்கும். மொதல்ல கேட்டுக் கேமராவப் போயிப் பாத்தா என்ன? வேண்டாமா. பொட்டியில லைட்டே எரியலையா? கரண்டு வரலையா அதுக்கு? அந்த வயரா... ஆமா, அந்த மூலையிலதான். கண்டுபுடிச்சிட்டீங்களா? அதுக்குள்ளயா?

ஏன் தம்பி அப்புடிப் பாக்குறீங்க? எலி கடிச்சா பிசுறு பிசுறா இருக்குமா? இது ஒரே வெட்டா இருக்குங்கறீங்களா. இது தோப்பு எலி தம்பி, பெருச்சாளி. ஒங்க ஆலங்குடி எலி மாதிரி இருக்காது. சிரிக்காதீங்க. சரி, சிரிங்க. எலி இல்ல. அரிவாமனையில நான்தான் அறுத்தேன். மெயின அமத்திட்டுத்தான் அறுத்தேன், அம்புட்டு வெவரம் எனக்கும் உண்டு. சத்தியமா அவருகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க. எனக்கு இன்னைக்கி காலையில கொஞ்ச நேரம் வேணும். ஒருத்தரும் பாக்காம, ஏன் சிரிக்கலன்னு கேக்காம கொஞ்ச நேரம். நீங்க பத்தரைக்குள்ள மாட்டிட்டீங்கன்னா எல்லாம் கெட்டுப் போகும். எதுக்குன்னு கேக்காதீங்க. பதினொண்ணே கால் வரைக்கும் இருங்க, அப்பறம் மாட்டி விட்டுட்டுப் போங்க. ஒங்க கடைப் பேரு கெடாது, பழிய எலி மேல போட்டுக்குவம்.

வேற வேலைக்குப் போகணுமா? அதான் நின்னுக்கிட்டே இருக்கீங்களா? அஞ்சு நிமிச வேலைன்னா செய்ங்க, நான் என்ன செய்ய முடியும். ஏன் அங்கிட்டுப் போறீங்க? மெயின அமத்தாம வயரத் தொட முடியாதா? மெயினு சாமான் ரூம்லதான் இருக்கு... வேணாம், வேணாம். நில்லுங்க தம்பி. நில்லுங்கன்னு சொல்றேன்ல! அங்க எண்ணெய் கொட்டிக் கெடக்கு, வழுக்கி விட்டுரும். கோவிச்சுக்காதீங்க, கத்திட்டேன். ஒரு நிமிசம் இப்புடி உக்காருங்க.

வாசனையா? மூக்கு நல்லாத்தான் வேல செய்யுது ஒங்களுக்கு. ஆமா, சமைச்சேன். விடியக்கால எந்திரிச்சு சமைச்சேன். புளிச்சோறு, எலுமிச்சம்பழச் சோறு, தேங்காச் சோறு, சக்கரப் பொங்கலு, தயிர்ச்சோறு. கோயிலுக்கு. அவருகிட்டயும் அப்புடித்தான் சொன்னேன். என்ன திடீர்னு கோயிலுன்னாரு. ஒங்களுக்காகத்தான் வேண்டிக்கிட்டேன்னேன், அப்ப சரி, போயிட்டு வான்னுட்டாரு.

என்ன? ஒங்க தங்கச்சிக்கா? போன மாசமா? அஞ்சு சோறுன்னதும் புள்ளத்தாச்சிக்குக் கட்டிட்டுப் போற கட்டுச்சோறு ஞாபகம் வந்துருச்சாக்கும். ஏழாம் மாசமா அதுக்கு? வேன் புடிச்சுப் போனீங்களா? சொந்தம் சனமெல்லாம் வந்துச்சா? வளவி போட்டு விட்டாங்களா கை நெறைய? ஒங்கம்மாதானே மொதக் கவளம் ஊட்டுனாங்க? அதான் மொற. பெத்தவ கையாலதான் மொதல்ல, அப்பறந்தான் மத்தவங்க. தங்கச்சி நல்லா சாப்புட்டுச்சா? கொமட்டல் கிமட்டல் இல்லையே? அழுதுச்சா? ஒங்கம்மா? சும்மாதான் கேட்டேன் தம்பி. கேக்கணும்போல இருந்துச்சு.

எம்மக கதையச் சொல்றேன்னேன்ல. திருச்சியில நர்சிங் முடிச்சு அங்கயே வேலைக்குப் போனா. கூட வேல பாக்குற பையன், அஜித்னு பேரு, லேப்ல இருக்காரு. தங்கமான பையன். ஆனா வேற ஆளுங்க. ஒங்களுக்குப் புரியும். எங்க வீட்டுக்காரரு ஒரு எஞ்சினியர் மாப்பிள்ளயப் பாத்து, மண்டபம் வரைக்கும் பேசி வச்சிருந்தாரு. யாருக்குடி சம்பாரிச்சேன், யாருக்குடி சம்பாரிச்சேன்னு போன்ல கத்துனாரு. அவ ரிஜிஸ்டர் ஆபீஸ்ல மாலைய மாத்திக்கிட்டு நேரா இங்கதான் வந்தா, என் காலுல விழலாம்னு.

கேட்டுக்கு வெளிய ரெண்டு பேரும் மாலையோட நிக்கிறாங்க. நான் உள்பக்கம் நிக்கிறேன். கேட்டுக் கேமராலேர்ந்து அவரு கொரல் வருது, வந்த வழியே போயிருன்னு. இவ அண்ணாந்து அந்தக் கேமராவப் பாத்து, அப்பா, அப்பான்னு கூப்புடுறா. தெருவே வேடிக்கை பாக்குது. நான் ரிமோட்ட அமுக்குறேன், அமுக்குறேன், கேட்டு அசையல. சிங்கப்பூர்லேர்ந்து போன்லயே லாக் பண்ணிட்டாரு. எம்புட்டுக் காசு குடுத்து எறக்குன கேட்டு தெரியுமா அது! கம்பிக்கு நடுவுல கைய விட்டு எம்புள்ள கன்னத்தத் தொட்டேன். செவந்தி, கைய எடுன்னு மேலேர்ந்து கொரல். எடுத்துட்டேன். மறுநா எழுத்தப் பேக்க ஆளு வந்துச்சு.

அன்னையிலேர்ந்து பேசக் கூடாது, பாக்கக் கூடாது. அவ இந்த வாசப்படிய மிதிச்சா நீயும் அவளோடயே போயிருன்னுட்டாரு. எதுத்த வீடு அவரு அண்ணன் வீடு, நாகராசுன்னு பேரு. கேமரா தூங்குனாலும் அவரு தூங்க மாட்டாரு. அவரு மகனுங்க ரெண்டு பேரு இருக்கானுங்க, அந்தப் பையன ஊருக்குள்ள பாத்தா காலு இருக்காதுன்னு சொல்லிக்கிட்டுத் திரியுறானுங்க. செய்வானுங்க தம்பி, சும்மா இல்ல. இன்னைக்கி புதுக்கோட்டையில ஒரு கல்யாணம், குடும்பத்தோட போயிருக்காங்க. காலையில பலகாரம் சாப்புட்டதும் கெளம்பிருவாங்க. கார்ல வந்தா எம்புட்டு நேரம் ஆகப் போகுது? அதான் பதினொண்ணே கால்னு சொன்னேன்.

என்ன சத்தம்? எனக்கு ஒண்ணும் கேக்கலையே. வளவிச் சத்தமா? டிவியா இருக்கும். ஆமா, டிவி அணைஞ்சுதான் கெடக்கு. அப்ப என் கையிதான், இந்தா பாருங்க. தங்க வளவி இப்புடிக் கேக்காதா? கண்ணாடி வளவிதான் அப்புடிக் கேக்குமா. ரொம்ப வெவரமான ஆளு தம்பி நீங்க. தங்கச்சி இருக்குற வீட்டுல பொறந்தவருல்ல.

ஐயோ, ஒங்க போனு. அவரா? அவருதானா? பத்தரை ஆயிருச்சா அதுக்குள்ள? எடுங்க. எடுக்காட்டி வேற யாரையாச்சும் அனுப்பி விட்டுருவாரு. எடுங்க தம்பி. நான் வாயத் தொறக்கல.

என்ன சொன்னீங்க இப்ப? பொட்டிக்குள்ள ஒரு சாமான் எரிஞ்சு போச்சுன்னா? கடையிலேர்ந்து பையன் எடுத்துட்டு வரணும், ஒரு மணி நேரமாகும்னா? நான் கேக்கவே இல்லையே, நீங்களாச் சொன்னீங்களே! நீங்க நல்லா இருக்கணும், ஒங்க தங்கச்சிக்கு சொகப் பெரசவம் ஆகணும். இருங்க, கண்ணத் தொடச்சுக்குறேன். என்னயப் பத்திக் கேட்டாரா? என்ன பண்றான்னா? நீங்க என்ன சொன்னீங்க? சிரிச்ச மொகமா இருக்காங்கன்னா? போங்க தம்பி, பொய்யி சொன்னாலும் பொருந்தச் சொல்றீங்க. அதக் கேட்டு சந்தோசப்பட்டிருப்பாரு, பாவம். இனி சோறு எறங்கும் அவருக்கு.

ஒங்களுக்கு எதாச்சும் குடுக்கலாம்னா எங்கையில காசு இல்ல. நம்ப மாட்டீங்க. கார்டத் தேச்சா அவரு போனுக்கு மெசேஜ் போகும். இம்புட்டுப் பெரிய வீட்டுல என் காசுன்னு ஒண்ணு கெடையாது. அந்தக் கண்ணாடி வளவியக் கூட பூக்காரம்மாட்ட தோப்புத் தேங்காயக் குடுத்துத்தான் வாங்கியாரச் சொன்னேன். பச்சையும் செவப்பும், நல்லா இருக்கு. சோறு குடுக்குறேன், இருந்து சாப்புட்டுட்டுப் போங்க. அஞ்சு சோறும் எலையில வைக்கிறேன். மொறைக்கு நாலு பேரு சாப்புடணும்ல, ஒருத்தருமே இல்லாம இருந்துச்சு.

இன்னொண்ணு கேப்பேன், முடியாதுங்கக் கூடாது. வயர மாட்டும்போது, கொல்லக் கதவுக்கு மேல இருக்குற கேமராவ ஒரு சாண் அங்கிட்டுத் திருப்பி வச்சிருங்க, மாட்டுக் கொட்டகை பக்கமா. கதவு மட்டும் தெரியக் கூடாது. கேட்டா, காத்துல திரும்பிருச்சுன்னு சொல்லிக்கிறேன். இன்னும் மூணு மாசத்துல அந்தக் கதவு வழியா ஒரு பச்சப் புள்ள வரணும் தம்பி. பேரப்புள்ளைய நான் கம்பிக்கு இடையில கைய விட்டுத் தொட மாட்டேன்.

ஆமா. சாமான் ரூம்லதான் இருக்கா. பின்னாடி தோப்பு வழியாத்தான் வந்திருக்கா, மாப்பிள்ள பம்புசெட்டுக்கிட்ட பைக்கோட நிக்கிறாரு. ஊரு ஒலகத்துல பெத்தவ தூக்கிட்டுப் போவா கட்டுச்சோத்த. எங்க வீட்டுல மக திருட்டுத்தனமா வந்து, அரிசி மூட்டைக்கு நடுவுல உக்காந்து திங்கிறா. அவ பேரு வச்ச வீட்டுல. மொதக் கவளம் நான் ஊட்டிட்டேன், அது ஆச்சு. ஒங்க பைக் சத்தம் கேட்டதும் அவளப் பேசாம இருடின்னுட்டு எந்திரிச்சு வந்தேன். நீங்க வந்ததும் வராததுமா குடுத்து வச்சவங்கன்னீங்கள்ல, இப்பச் சொல்லுங்க, ஏத்துக்குறேன்.

மெயின மட்டும் இப்ப அமத்திறாதீங்க தம்பி, உள்ள ஃபேன் நின்னு போகும். அவ சின்னதுலேர்ந்தே மெதுவாத்தான் சாப்புடுவா, இன்னும் தயிர்ச்சோத்துக்கே வரல.